என் தென்னையில் நெத்து கேட்காதீர்கள்



நேற்றும் ஒருவர் கேட்டார்: "சார், உங்க வீட்டு ஒட்டுத் தென்னையில நாலு நெத்து குடுங்க, கன்னு போட்டுக்கறேன்." கொடுக்க மாட்டேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

"ஒட்டு" என்ற பெயர்தான் எல்லாரையும் கெடுக்கிறது. மாவில் கிளையை ஒட்டுவதுபோல் தென்னையில் ஒட்ட முடியாது. நெட்டை மரத்துப் பாளையில் ஆண் பூக்களை நீக்கி, பெண் பூவில் குட்டை மரத்து மகரந்தத்தைத் தூவி எடுத்த விதையின் கன்று அது. 1932இலேயே நீலேஸ்வரத்தில் செய்து காட்டினார்கள். நம் வேப்பங்குளமும் இப்படிப் பல ரகங்களைத் தந்திருக்கிறது. ஆனால் அந்தக் குணம் அந்த ஒரு தலைமுறையோடு சரி. அதன் காயை முளைக்க வைத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பிரியும். பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணியைப் படித்தீர்களே, பரீட்சையோடு மறந்தாயிற்றா?

நானும் யோக்கியன் இல்லை. தங்கை வீட்டுக்கு அப்படி மூன்று கன்றுகள் கொடுத்தேன். ஒன்று ஐந்தாம் வருடம் பாளை விட்டது, இன்னொன்று ஒன்பதாம் வருடம். மூன்றாவதில் இன்றுவரை குரும்பை நிற்கவில்லை. இத்தனை வருடமும் குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தவள் அவள்.

கன்று விற்பவரிடம் தாய் மரம் எது, தந்தை மரம் எது என்று கேளுங்கள். நான் கேட்டதற்கு ஒருவர், "எல்லாம் ஒட்டுதான் சார்" என்றார். வெறுங்கையோடு திரும்பிவிட்டேன்.

நெத்து வேண்டுமா? சட்னிக்கு வாங்கிப் போங்கள், தாராளமாக.