கேட்காததால் கிடைக்கவில்லையா?

"கவர்மெண்டு உதவி கொட்டிக் கிடக்குது. நம்மாளுங்கதான் போய்க் கேக்க மாட்டேங்குறாங்க." ஜொகூரில் கோயில் மண்டபமானாலும் கட்சிக் கிளைக் கூட்டமானாலும், பிள்ளை வளர்க்கும் செலவைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்த வாக்கியம் வந்துவிடும். மேடையில் இருப்பவர் சொல்வார், கீழே இருப்பவர்கள் தலையாட்டுவார்கள். கைக்குழந்தையை விடியுமுன் பக்கத்து புளோக் ஆண்டியிடம் விட்டுவிட்டு பாசிர் கூடாங் ஃபேக்டரிக்கு ஓடுகிற அம்மாவும் சேர்ந்துதான் தலையாட்டுவார். தன்மீதுதான் குற்றம் என்று அவரும் நம்புகிறார் என்பதுதான் எனக்கு எரிச்சலூட்டுகிறது.

உதவி இருக்கிறது என்பது பொய்யில்லை. அரசு ஊழியர்களுக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 180 வெள்ளி வரை டாஸ்கா எனும் குழந்தைப் பராமரிப்பு மையத்துக்கான கட்டண மானியம் உண்டு. சமூகநல இலாகாவின் பிள்ளைகள் உதவித்தொகை 2021இல் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு மாதம் 200 வெள்ளி, அதற்கு மேல் 18 வயது வரை 150 வெள்ளி என உயர்ந்தது. பதிவு பெற்ற டாஸ்காவிலோ பாலர் பள்ளியிலோ கட்டும் பணத்துக்கு ஆண்டுக்கு 3,000 வெள்ளி வரை வருமான வரிக் கழிவு உண்டு. சமூக மேம்பாட்டு இலாகாவான கெமாஸ் நடத்தும் டாஸ்காக்கள் இருக்கின்றன. இந்திய பி40 குடும்பப் பிள்ளைகளின் பாலர் பள்ளிக் கட்டணத்துக்கு இந்தியச் சமூக உருமாற்றப் பிரிவான மித்ரா கைகொடுத்திருக்கிறது. வரிசையாகப் படித்தால் மேடைப் பேச்சு சரிதான் என்றே தோன்றும். ஒவ்வொன்றும் யாருக்கு என்று பார்க்கும்போதுதான் விஷயம் வேறாகிறது.

முதலில், "பி40 குடும்பம்னா கிடைக்கும்" என்ற நம்பிக்கை. பி40 என்பது வருமான ஏணியில் கீழே உள்ள 40 விழுக்காட்டுக் குடும்பங்களைக் குறிக்கும் புள்ளிவிவரக் கோடு. 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அந்தக் கோடு நாட்டளவில் மாதம் 5,250 வெள்ளியில் நின்றது. சமூகநல உதவியும், ஏழைக் குடும்பங்களுக்கான இ-காசிஹ் பதிவும் பார்ப்பது அதை அல்ல, வறுமைக் கோட்டை. அதே 2022இல் நாட்டின் சராசரி வறுமைக் கோட்டு வருமானம் 2,589 வெள்ளி. மாநிலத்துக்கு மாநிலம், குடும்பத்தின் ஆள் எண்ணிக்கைக்கு ஏற்ப இது கூடும், குறையும். ஆனாலும் இரண்டு கோடுகளுக்கும் இடையே பாதிக்குப் பாதி தூரம்.

அந்த இடைவெளியில் யார் நிற்கிறார்கள்? 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியானது. கணவன் மட்டும் அந்தச் சம்பளத்துக்குப் போனால் குடும்பம் வறுமைக் கோட்டுக்குக் கீழே. மனைவியும் அதே சம்பளத்துக்கு வேலைக்குப் போனால் 3,400, கோட்டுக்கு மேலே. அதாவது தாய் வீட்டில் இருக்கும்வரை, பிள்ளையைப் பார்க்க ஆள் தேவைப்படாத காலம்வரை, குடும்பத்துக்குத் தகுதி இருக்கிறது. அவர் ஃபேக்டரி பஸ் ஏறிய மாதம் தகுதி போய்விடுகிறது. பிள்ளை பார்க்கும் செலவு தொடங்குவதும் அதே மாதம்தான். உதவித்தொகை வறியவர்களுக்காக வகுக்கப்பட்டது, வேலைக்குப் போகும் தாய்க்காக அல்ல, அதில் தவறில்லை. ஆனால் அந்தத் தாயைப் பார்த்து "நீ ஏன் கேக்கல" என்பது என்ன நியாயம்?

அடுத்தது வரிக் கழிவு. 2020க்கு முன் ஆயிரம் வெள்ளியாக இருந்தது, 2020ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து மூவாயிரம். கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதம் 2,500 வெள்ளி சம்பளம் வாங்கும் ஒரு தாய்க்கு ஆண்டு வருமானம் 30,000. தனிநபர் கழிவு 9,000, ஊழியர் சேமநிதிக்குப் போன 3,300 இரண்டையும் கழித்தால் மிச்சம் 17,700. முதல் ஐயாயிரத்துக்கு வரி இல்லை, மீதிக்கு ஒரு விழுக்காடு: 127 வெள்ளி. வரிக்குரிய வருமானம் 35,000ஐத் தாண்டாதவர்களுக்கு வரியிலேயே 400 வெள்ளி தள்ளுபடி இருப்பதால் அந்த 127உம் பூஜ்யமாகிவிடும். கட்டாத வரியில் எதைக் கழிப்பது? மூவாயிரம் வெள்ளிக் கழிவில் அவருக்குக் கிடைப்பது ஒரு காசும் இல்லை.

மாதம் 5,000 வாங்கும் சூப்பர்வைசருக்கு? அவர் ஆறு விழுக்காட்டு அடுக்கில் இருப்பார். மூவாயிரத்துக்கு ஆறு விழுக்காடு 180 வெள்ளி, ஆண்டுக்கு. அரசு ஊழியருக்கு மாதந்தோறும் ஒரு பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய அதே தொகை இவருக்கு வருடத்துக்கு ஒருமுறை. வரிக்குரிய வருமானம் ஒரு லட்சத்தைத் தாண்டிய மேனேஜருக்கோ 750 வெள்ளி மிச்சம். சம்பளம் ஏற ஏற உதவியும் ஏறுகிறது. இதையும் சேர்த்துத்தான் "கொட்டிக் கிடக்குது" என்கிறார்கள்.

கேட்கவே வழியில்லாத உதவியும் ஒன்று இருக்கிறது. வேலையிடத்தில் டாஸ்கா நடத்தும் நிறுவனத்துக்கும், ஊழியர்களுக்குப் பிள்ளைப் பராமரிப்பு அலவன்ஸ் கொடுக்கும் நிறுவனத்துக்கும் 2013ஆம் மதிப்பீட்டு ஆண்டிலிருந்து இரட்டை வரிக் கழிவு உண்டு. விண்ணப்பிக்க வேண்டியவர் முதலாளி. அவருக்கு மனம் இல்லையென்றால் அத்தோடு முடிந்தது. ஒரு காலத்தில் லாபிஸ், குளுவாங், கூலாய் பக்கத்துத் தோட்டங்களில் ஆயாக் கொட்டகை இருந்தது. விடியற்காலையில் மரம் சீவப் போகும் பெண்கள் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டுப் போவார்கள். அதைச் சொர்க்கம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஈயும் மூத்திர வாடையும் தெரிந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையை எங்கே விடுவது என்பது தோட்ட நிர்வாகத்தின் கணக்கில் இருந்தது. தோட்டம் போய், மாசாயிலும் ஸ்கூடாயிலும் அடுக்குமாடி வீட்டுக்கு வந்தபோது அந்தப் பொறுப்பும் தாயின் தலைக்கு மாறியது. அவரைத்தான் இப்போது அக்கறை இல்லாதவர் என்கிறோம்.

"ஆண்டி வீட்டுல விடாம, பதிவு பெற்ற டாஸ்காவுல விடலாமே" என்று கேட்பவர்கள் உண்டு. நல்ல கேள்விதான். 1984ஆம் ஆண்டுப் பாலர் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி, நான்கு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் நான்கு பேர் அல்லது அதற்கு மேல், ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பங்களிலிருந்து வந்து, காசுக்குப் பராமரிக்கப்படும் இடம்தான் டாஸ்கா. மூன்று பிள்ளைகளைப் பார்க்கும் ஆண்டி சட்டத்துக்கு வெளியே இருக்கிறார். அவர் செய்வது குற்றமில்லை. ஆனால் அவர் கொடுக்கும் ரசீதுக்கு வரி இலாகாவில் மதிப்பும் இல்லை. நான்கிலிருந்து ஒன்பது பிள்ளைகள் என்றால் வீட்டு டாஸ்காவாகப் பதிய வேண்டும், பத்தும் அதற்கு மேலும் என்றால் நிறுவன டாஸ்கா. நிறுவன டாஸ்காவுக்கு நகராண்மைக் கழகம், தீயணைப்பு இலாகா, சுகாதார இலாகா என்று வரிசையாக ஒப்புதல் வாங்க வேண்டும்.

சரி, அப்படிப் பதிந்த இடத்தில் கைக்குழந்தைக்கு எவ்வளவு ஆகும்? ஒரு வயதுக்குக் குறைந்த மூன்று பிள்ளைகளுக்கு ஒரு பராமரிப்பாளர் இருக்க வேண்டும் என்பது விதி. குழந்தையின் பாதுகாப்புக்கான விதி, அதைத் தளர்த்தச் சொல்ல மாட்டேன். பராமரிப்பாளரின் சம்பளம் 1,700, முதலாளி கட்டும் சேமநிதி 221. மூன்றால் வகுத்தால் ஒரு பிள்ளைக்கு 640 வெள்ளி. இதில் வீட்டு வாடகை இல்லை, சாப்பாடு இல்லை, கரண்டு பில் இல்லை, நடத்துபவருக்குக் கூலி இல்லை. 1,700 வெள்ளி சம்பளத்தில் அந்தத் தாய் எதைக் கட்டுவார்? டாஸ்காக்காரர்கள் கொள்ளையடிக்கிறார்கள் என்ற பேச்சுக்கும் இந்தக் கணக்கே பதில்.

பிள்ளைக்கு நான்கு வயதானால் சட்டத்தின் பார்வையில் டாஸ்கா முடிந்து பாலர் பள்ளி தொடங்குகிறது. தமிழ்ப்பள்ளிப் பாலர் வகுப்பு அருமையான ஏற்பாடு. ஆனால் ஒரு வகுப்பில் 25 பிள்ளைகள்தான், அதுவும் ஏறக்குறைய நான்கு மணி நேரம். ஃபேக்டரி ஷிஃப்ட் எட்டு மணி நேரம், ஓவர்டைம் செய்தால் பன்னிரண்டு.

பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் போகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. "மூணு மடங்கு சம்பளம், அவங்களுக்கு எதுக்கு உதவி" என்பார்கள். அவர்களுக்கு உதவி கேட்டு நான் வாதாடவில்லை. ஆனால் அந்தக் கரையிலாவது கிடைக்குமே என்று நினைப்பது தவறு. சிங்கப்பூரின் பிள்ளைப் பராமரிப்பு மானியம் சிங்கப்பூர்க் குடியுரிமை உள்ள பிள்ளைக்குத்தான். அங்கே செய்யும் வேலைக்கு வரி அங்கேயே போவதால், இங்குள்ள மூவாயிரம் வெள்ளிக் கழிவுக்கும் அர்த்தமில்லை. விடியற்காலை நான்கு மணிக்குப் பிள்ளையை வாங்கிக்கொள்ளும் பதிவு பெற்ற டாஸ்காவைக் கண்டுபிடிப்பதும் பெரும்பாடு. ஆண்டிதான் கதவைத் திறப்பார்.

இனி பத்திரங்கள். இங்கே மேடைப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சமூகநல உதவித்தொகை போன்றவற்றுக்குப் பிள்ளை மலேசியக் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். 1982 மார்ச் முதல் நடப்பில் உள்ள 1976ஆம் ஆண்டுத் திருமணச் சட்டம் முஸ்லிம் அல்லாதவர் திருமணத்தைப் பதியச் சொல்கிறது. கோயிலில் தாலி கட்டி ஊரைக் கூட்டி விருந்து வைத்துவிட்டு, பதிவை "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அப்படிப் பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்குத் தாயின் குடியுரிமைதான். தாய் வெளிநாட்டவர் என்றால் தந்தையின் நீல ஐசி பிள்ளைக்கு உதவாது. 2011இல் மைடஃப்தார் என்ற பெயரில் இந்தியர்களுக்கென்றே பத்திரப் பதிவு இயக்கம் நடத்த வேண்டியிருந்தது. இதில் பெற்றோரின் அலட்சியம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் இது ஒரு பகுதியினரின் கதை. முறையாகப் பதிந்து, சம்பளச் சீட்டோடும் பிறப்புப் பத்திரத்தோடும் போய் நிற்பவர் திருப்பி அனுப்பப்படுவது பத்திரக் குறையால் அல்ல.

மேடையில் பேசுகிறவர்களுக்கு உண்மையிலேயே ஏதாவது செய்ய ஆசை இருந்தால், பிள்ளை பார்க்கும் ஆண்டிகளிடமிருந்து தொடங்கலாம். நான்கைந்து பிள்ளைகளை வைத்துக்கொண்டு, பதியவேண்டும் என்பதே தெரியாமல் இருப்பவர்களை வீட்டு டாஸ்காவாகப் பதிய வைக்கலாம். பாரம் நிரப்பவும், பயிற்சிக்குப் போகவும், தீயணைப்பான் வாங்கவும் இயக்கங்கள் உதவலாம். பணத்துக்கு, மானியம் அரசு ஊழியருக்கு மட்டும் ஏன், தனியார் துறையில் குறைந்தபட்சச் சம்பளம் வாங்கும் தாய்க்கும் அதே 180 வெள்ளி ஏன் இல்லை என்று மாநிலச் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கேட்கலாம். கேட்கவில்லை என்ற குறை அந்த இடத்தில்தான் பொருந்தும்.