பாலிகஞ்ச் கடிதம்: சொந்தக் குரல்

நமது பாலிகஞ்சில் அசுவினி தத்தர் சாலை வழியே செல்லும் அன்பர்கள், சரத்சந்திர சட்டோபாத்தியாயர் தமது இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த இல்லத்தைக் காணலாம். நம்மைப் போலவே பிழைப்பை நாடி ஊரை விட்டவர் அவர். 1903-இல் ரங்கூனுக்குக் கப்பலேறி, 1916 வரை அங்கே குமாஸ்தாவாக உழைத்தார்.

அவர் இளமையில் எழுதிய 'படதீதி' 1907-இல் 'பாரதி' இதழில் வெளியாயிற்று. முதலில் ஆசிரியர் பெயர் அச்சிடப்படவில்லை. ரவீந்திரரின் கதையென்றே பலர் கருதினர். இதனினும் பெரிய பாராட்டு உண்டோ? எனினும் சரத்பாபு அந்தச் சாயலிலேயே நின்றுவிடவில்லை. ரங்கூனில் தொழிலாளரிடையே வாழ்ந்தார். அங்குக் கண்ட வாழ்வு பின்னர் 'ஸ்ரீகாந்தா'வில் இடம்பெற்றது. 1912-இல் வீடு தீப்பற்றி, 'சரித்திரஹீன்' கைப்பிரதி சாம்பலாயிற்று. மீண்டும் எழுதினார், 1917-இல் அது நூலாக வந்தது.

அடியேனும் கதை எழுதுபவன்தான். என் கதைகளில் காவிரிக்கரையும் அக்கிரகாரத் திண்ணையும் தவறாமல் வரும். அவை நான் வாழ்ந்தறிந்தவை அல்ல; பத்திரிகைகளில் படித்தவை. சென்ற மாதம் ஒன்றை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன்.

"நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் முன்பே எங்கோ படித்தாற்போல் இருக்கிறதே!" என்றாள்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அந்தக் கைப்பிரதி எரிந்து போயிருந்தால், வருந்துவதற்கு அதில் என்னுடையது என்ன இருந்தது?

இப்போது வேறொன்று தொடங்கியிருக்கிறேன். லேக் மார்க்கெட்டில் பாதி வங்காளமும் பாதித் தமிழுமாகக் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசும் ஒரு மாமியின் கதை. நடை இன்னும் தடுமாறுகிறது. ஆயினும் அந்தப் பேச்சு என் காதால் கேட்டது. தாள் தீக்கிரையானாலும் மறுபடி எழுதிவிடுவேன்.