கிரில் போட்ட ஜன்னலும் பூட்டிய கதவும்

பெண்பிள்ளை வெளியூரில் ஓரிரவு தங்கப் போகிறாள் என்றால் நம் வீடுகளில் என்னென்ன கேள்விகள் வரும் என்பது எங்கள் எல்லோருக்கும் மனப்பாடம். கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள்? ஜன்னலுக்குக் கிரில் இருக்கிறதா? ஆண்கள் தங்கும் மாடி வேறா? இத்தனைக்கும் "ஓம்" என்று பதில் வந்த பிறகுதான் வாப்பாமார் சுற்றுலாப் படிவத்தில் கையொப்பமிடுவார்கள். இந்தக் கேள்விகள் பிழை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இவை எல்லாமே வெளியிலிருந்து உள்ளே வருபவனைப் பற்றியவை. உள்ளேயிருந்து வெளியே ஓட வேண்டி வந்தால் பிள்ளை எந்த வழியால் ஓடுவாள் என்று ஒருவரும் கேட்டு நான் அறியேன்.

துருக்கியில் கர்தால்காயா என்றொரு மலைப் பிரதேசம் இருக்கிறது. நாங்கள் குளிருக்கு நுவரெலியா போவதுபோல அங்குள்ளவர்கள் பனிச்சறுக்குக்காகக் குடும்பம் குடும்பமாக அங்கே போவார்கள். 2025 ஜனவரி 21 அதிகாலை, பாடசாலை விடுமுறைக் காலத்தில், அங்கிருந்த 12 மாடி ஹோட்டல் தீப்பற்றியது. 78 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் பிள்ளைகள். அபாய மணி எதுவும் கேட்கவில்லை என்றே தப்பியவர்கள் பலர் சொன்னார்கள். சிலர் படுக்கை விரிப்புகளை முடிச்சுப்போட்டு ஜன்னல் வழியாக இறங்கப் பார்த்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தவர்களில் ஹோட்டல் உரிமையாளர் மட்டுமல்ல, போலு நகரத்தின் துணை மேயரும் தீயணைப்புப் படையின் துணைத் தலைவரும் இருந்தார்கள். பார்க்க வேண்டியதைப் பார்க்காமல் விட்டவர்களும் குற்றவாளிகளே என்ற அந்தத் தீர்ப்பு சரியானது என்பது என் எண்ணம்.

இதைவிட என்னை அதிகம் உலுக்கியது ஒரு பழைய சம்பவம். அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் வைன்கொஃப் என்ற 15 மாடி ஹோட்டல் இருந்தது. "முற்றிலும் தீப்பிடிக்காதது" என்றே அதை விளம்பரம் செய்தார்கள். 1946 டிசம்பர் 7 அதிகாலை அங்கே 119 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் சுமார் 30 பேர் மாநில இளைஞர் மாநாட்டுக்காக வந்து தங்கியிருந்த உயர்பாடசாலை மாணவ மாணவியர். எங்கள் வயதுக்காரர்கள். விளம்பரம் முழுப் பொய்யும் அல்ல. கட்டடம் எரிந்து விழவில்லை, இன்றும் அது வேறு பெயரில் ஹோட்டலாக நிற்கிறது. எரிந்தவை கம்பளம், கட்டில், சுவர்த்தாள், மனிதர்கள். அத்தனை மாடிக்கும் ஒரேயொரு படிக்கட்டு. அதுவே நெருப்புக்குப் புகைபோக்கியாகிவிட்டது. அந்த ஹோட்டலைக் கட்டியவரும் அவர் மனைவியும்கூட அதில்தான் இறந்தார்கள்.

மலையும் பனியும் எங்களுக்குத் தூரம் என்று நினைப்பவர்கள் கொல்கத்தாவைப் பார்க்கலாம். அங்குள்ள புர்ரா பஜார் எங்கள் புறக்கோட்டையின் மூத்த சகோதரி மாதிரி: மொத்த வியாபாரம், மூட்டை சுமப்பவர்கள், கடைகளுக்கு மேலே தங்குமிடங்கள். 2025 ஏப்ரல் 29 இரவு அந்தப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் 14 பேர் இறந்தார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த இரண்டு சிறுபிள்ளைகள் உட்பட. பெரும்பாலானோரை நெருப்புத் தொடவே இல்லை, புகைதான் கொன்றது. சில ஜன்னல்கள் செங்கல் வைத்து அடைக்கப்பட்டிருந்தன.

இனி எங்கள் தெருவுக்கு வருகிறேன். கல்யாணச் சாமான் வாங்கவும் பெருநாளைக்கு உடுப்பு எடுக்கவும் கல்முனையிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் வரும் குடும்பங்கள் இரவு தங்குவது புறக்கோட்டைக் கடைகளுக்கு மேலேயுள்ள லொட்ஜ்களில்தான். சென்ற வருடம் எங்கள் சொந்தக்காரர்கள் அப்படியொன்றில் தங்கியிருந்தபோது உம்மாவோடு போய்ப் பார்த்தேன். படிக்கட்டின் பாதியைக் கீழ்க் கடையின் காட்போட் பெட்டிகள் பிடித்திருந்தன. பின்பக்க ஜன்னலுக்குக் கிரில், கிரிலுக்குப் பூட்டு. சாவி எங்கே என்று கேட்டதற்கு, "முதலாளியிட வீட்டுல மகள், கள்ளன் பயமில்ல" என்று அங்கிருந்தவர் பெருமையாகச் சொன்னார். மாமி நிம்மதியாகத் தலையாட்டினார். முதலாளி தெஹிவளையில் இருக்கிறாராம்.

புறக்கோட்டையில் தீ புதிதல்ல. 2023 ஒக்டோபர் 27 அன்று இரண்டாம் குறுக்குத் தெருவில், சம்மாங்கோட்டுப் பள்ளி இருக்கும் அதே தெருவில், ஒரு புடைவைக் கடை எரிந்து இருபதுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். அது பகல், எல்லோரும் விழித்திருந்த நேரம். மேலே ஐம்பது பேர் தூங்கும் அதிகாலை மூன்று மணியை நினைத்துப் பாருங்கள். தீயணைப்பு வாகனம் லொறிகளையும் கைவண்டிகளையும் தாண்டி உள்ளே வரவும் வேண்டுமே!

கள்ளன் பயம் வெறும் கற்பனை என்றா சொல்கிறேன்? இல்லை. பெண்பிள்ளைகளைப் பற்றிய பெற்றோரின் பயமும் எனக்குப் புரிகிறது. அந்தப் பயத்தால்தான் எங்களில் பலருக்கு மேற்படிப்பு விடுதியே கனவாக இருக்கிறது. ஆனால் உள்ளிருந்து கையால் திறக்கக்கூடிய கிரிலை எந்த வெல்டிங் கடையிலும் செய்து தருவார்கள். வெளியிலிருப்பவனுக்கு அது பூட்டு, உள்ளே இருப்பவளுக்குக் கதவு. மாநகர சபைக்கு நான் கேட்பதும் பெரிதல்ல: கடைக்கு மேலே ஆட்களைத் தங்க வைக்கும் ஒவ்வொரு கட்டடத்தின் வாசலிலும், கடைசியாகத் தீயணைப்புப் படை எப்போது வந்து பார்த்தது என்ற திகதியை மூன்று மொழியிலும் ஒட்ட வேண்டும். ஒட்டாத இடத்தில் தங்குவதா என்று குடும்பங்களே முடிவு செய்துகொள்ளும்.

அடுத்த தவணைச் சுற்றுலாவுக்குப் படிவம் வரும்போது வாப்பாமாரும் உம்மாமாரும் வழமையான கேள்விகளோடு இன்னும் மூன்றைக் கேளுங்கள். இரண்டாவது படிக்கட்டு எங்கே? ஜன்னல் உள்ளிருந்து திறக்குமா? இரவில் கேட் சாவி யார் கையில்? பிள்ளைகளாகிய நாங்கள் போய் இறங்கியதும், அறையில் பேக்கை வைக்கும் முன்பே, அந்தப் படிக்கட்டில் ஒருமுறை இறங்கிப் பார்ப்போம். தீயணைப்புப் படையின் இலக்கம் 110.