வாரிசுச் சான்றிதழ் இல்லாத ஆசாரியன்

கூடுவாஞ்சேரியிலிருந்து கடற்கரை போகிற மின்சார ரயிலில் நாங்கள் பேசாத விஷயம் இல்லை. போன வாரம் உடன் பயணம் செய்கிறவர் ஒருவர் மடக்கினார். 'சார், அர்ச்சகர் பரம்பரைன்னா மட்டும் குதிக்கிறீங்களே. பைபிள்லயும் ஆரோன் வம்சத்துல பொறந்தவன்தானே ஆசாரியன்? யூதன் செஞ்சா ஆன்மிகம், நாங்க செஞ்சா ஆதிக்கமா?'

கேள்வி நியாயமானது. நம்மில் பலர் 'அது வேற, அதுக்கு ஆவிக்குரிய அர்த்தம் இருக்கு' என்று நழுவிவிடுகிறோம். நழுவ வேண்டாம் தோழர்களே. அந்தப் புத்தகத்தையே விரித்து வைத்துப் பேசுவோம்.

அவர் சொன்னது உண்மைதான். லேவி கோத்திரத்துக்குக் கூடார வேலை. அதிலும் ஆரோனின் ஆண் வாரிசுக்கு மட்டுமே பலிபீடம். அந்த வம்சத்திலேயே பிறந்திருந்தாலும் குருடனோ, சப்பாணியோ, கூனனோ கிட்டே வரக்கூடாது என்கிறது லேவியராகமம் 21ஆம் அதிகாரம். படைத்த அப்பத்தைத் தின்னலாம், படைக்கத்தான் கூடாது. பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பிய மூன்று குடும்பங்கள் தங்கள் பெயரை வம்ச அட்டவணையில் தேடிய கதை எஸ்றா 2ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பெயர் கிடைக்கவில்லை. ஆசாரிய வேலையிலிருந்து விலக்கிவிட்டார்கள். எபிரேய மூலத்தில் அங்கே வருகிற சொல்லுக்குத் தீட்டுப்பட்டவர்கள் என்றே பொருள்.

நான் வங்கிக் குமாஸ்தா. செத்துப்போனவர் கணக்கில் கிடக்கிற பணத்தைக் கேட்டு வருகிறவர்களிடம் 'வாரிசுச் சான்றிதழ் இருக்கா?' என்று கேட்பது என் பிழைப்பு. நாற்பது வருஷம் கூட வாழ்ந்த கிழவியாக இருந்தாலும், காகிதம் இல்லையென்றால் கவுண்டருக்கு முன்னால் அவள் யாரோ ஒருத்தி. எஸ்றாவைப் படிக்கும்போது அந்தக் கிழவிகளின் முகம்தான் எனக்கு வருகிறது. வம்சம் ரத்தத்தில் இல்லை, பேரேட்டில் இருக்கிறது. பேரேடோ அதை எழுதுகிறவன் கையில் இருக்கிறது. செங்கல்பட்டுக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. 1892இல் பஞ்சமி நிலம் என்று பேரேட்டில் ஏறியது. பிறகு பேரேட்டிலேயே கைமாறியது. காரணையில் அதைத் திரும்பக் கேட்ட போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டு ஜான் தாமஸும் ஏழுமலையும் செத்தார்கள்.

பேரேடு இருக்கிற இடத்தில் பங்கும் இருக்கும். இஸ்ரவேல் ஜனங்கள் விளைச்சலில் பத்தில் ஒன்றை லேவியருக்குத் தந்தார்கள். லேவியர் அதில் பத்தில் ஒன்றை ஆசாரியனுக்குத் தந்தார்கள். ஒரு வித்தியாசத்தையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். குடியிருக்கச் சில பட்டணங்களும் மேய்ச்சல் வெளியும் தவிர லேவியருக்கு நிலப்பங்கு கிடையாது. நம்ம ஊர்ல தலைகீழ். பிரம்மதேயம் என்று ஊர் ஊராக எழுதிக் கொடுத்தார்கள். சேற்றில் இறங்கினவனுக்குச் சேரிதான்.

ஆனால் ரயில் நண்பர் படிக்காத பக்கங்களும் அதே புத்தகத்தில் உண்டு. சபை முழுக்கப் பரிசுத்தம்தானே, நீங்கள் மட்டும் ஏன் உயர்ந்து நிற்கிறீர்கள் என்று மோசேயையும் ஆரோனையும் கேட்டான் கோராகு. பூமி வாயைத் திறந்து அவனை விழுங்கியது என்று எழுதி வைத்தார்கள். நமக்கு நந்தனைத் தெரியும். அவனும் தீயில் இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. பூணூலோடு வெளியே வந்தபிறகுதான் உள்ளே போக முடிந்தது. கேள்வி கேட்டவனை மண்ணோ நெருப்போ தின்றதாகக் கதை கட்டுவது எல்லா ஊர்ப் புரோகிதத்துக்கும் வழக்கம். ஆனால் கோராகின் பிள்ளைகள் சாகவில்லை என்று எண்ணாகமம் 26 சொல்கிறது. சங்கீதங்களில் பல அவர்கள் பெயரில்தான் இருக்கின்றன. கேள்வி பாட்டாகி உயிர் பிழைத்துவிட்டது!

கி.பி. 70இல் ரோமானியர் எருசலேம் ஆலயத்தை இடித்தார்கள். பலிபீடம் போனது. ஆரோன் வம்சத்துக்குச் சில மரியாதைகள் மட்டும் மிஞ்சின. சமூகத்தை நடத்தும் பொறுப்பு பிறந்தவனிடமிருந்து படித்தவனிடம் போனது. எபிரெயர் நிருபம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. இயேசு லேவி கோத்திரத்தானே இல்லை, யூதா கோத்திரத்தான். அவருக்கு முன்மாதிரியாக மெல்கிசேதேக்கு என்ற ஆசாரியனைக் காட்டுகிறது. தகப்பன் பெயர் தெரியாது, தாய் பெயர் தெரியாது, வம்சப் பட்டியல் கிடையாது. வாரிசுச் சான்றிதழ் இல்லாதவனே பெரிய ஆசாரியன்! ஆசாரிய வம்சத்துக்கு ஆன்மிகப் பொருள் என்று ஒன்று உண்டென்றால், அந்த வம்சம் ரத்தாவதுதான் அது.

இதை வாசித்த திருச்சபை இங்கே என்ன செய்தது? 1606இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பிராமண சந்நியாசி வேஷம் கட்டினார். பின்னால் அந்த மிஷனில் தாழ்த்தப்பட்டோருக்கென்று தனியாகப் பண்டாரசாமிகளை வைத்தார்கள். மெல்கிசேதேக்கைப் பிரசங்கித்துக்கொண்டே ஆரோனின் பேரேட்டைத் தமிழில் பெயர்த்து எழுதினார்கள்.

கோயில் பக்கம் வருவோம். அர்ச்சகர் பதவியில் பரம்பரை உரிமையை 1970இல் தமிழகச் சட்டமன்றம் ஒழித்தது. 1972இல் உச்சநீதிமன்றம் பரம்பரையை ஒழித்தது சரி என்றது. ஆனால் ஆகமம் சொல்லும் பிரிவிலிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்றது. முன்வாசலில் துரத்திய வம்சம் ஆகமம் என்கிற பெயரில் கொல்லைப்புறமாக வந்து உட்கார்ந்தது. பயிற்சி முடித்த 24 பேர், தலித்துகள் உட்பட, பணிநியமனம் பெற 2021 ஆகஸ்ட் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பூசாரி பரீட்சை எழுதித் தேறட்டும், அரசாங்கச் சன்னது வாங்கட்டும், பரம்பரை ஒழியட்டும் என்று 1936லேயே எழுதிவிட்டார் அம்பேத்கர்.

கடைசியாக நம் பக்கம். நம் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் வள்ளுவர் குடும்பத்தைத்தானே தலைமுறை தலைமுறையாக அழைத்தோம்? காலனி அம்மன் கோயில் பூசாரிக்குப்பின் அவர் மகன்தானே? இயக்கத்தில்கூட மேடையும் மைக்கும் யார் வீட்டுக்குள் சுற்றுகின்றன என்று யோசிக்கணும். அடுத்தவன் பேரேட்டைக் கிழிக்கிற கை, தன் வீட்டுப் பரணில் இருப்பதையும் எடுத்துப் பார்க்க வேண்டாமா?

ரயில் நண்பருக்கு இதைத்தான் சொன்னேன். 'யூதன் செஞ்சாலும் ஆதிக்கம்தான் சார். ஆனா அவன் புத்தகம் அவனையே கேள்வி கேட்குது. உங்க ஆகமத்துல அப்படி ஒரு பக்கம் இருந்தா நாளைக்கு எடுத்துட்டு வாங்க. வண்டி அதே 8.10தான்.'