பெட்டியைத் திறக்கப் பயப்படாதீங்க

எங்கட வீட்டுக் கொம்பியூட்டர் மூன்று வருசமாகத் துணி போர்த்தியபடி ஒரு மூலையில் கிடந்தது. பழுது ஒன்றும் இல்லை. முந்தி தொலைபேசி வயரோடு வந்த ரவுட்டர் அதற்குப் பக்கத்திலேயே இருந்தது. பிறகு சிம் போடுகிற 4ஜி ரவுட்டர் எடுத்தோம். அதற்கு ஜன்னலோரத்தில்தான் சிக்னல். ரவுட்டர் முன் விறாந்தைக்குப் போக, வைஃபை இல்லாத கொம்பியூட்டர் பின்னறையில் தனித்துப் போனது. ஆலையடிவேம்பில் நான் போய்வருகிற பல வீடுகளில் இதே கதைதான்.

தங்கச்சி உயர்தரத்துக்கு ஐ.சி.டி. எடுத்தாள். பாடத்தில் பைதன் இருக்கிறது. அவள் அதைப் போனில்தான் எழுதிப் பழகினாள். பாதித் திரையைக் கீபோர்ட் மறைத்துக்கொள்ளும், மிச்சப் பாதியில் நாலு வரி தெரியும். ஒரு கடையில் போய்க் கேட்டோம். "இது பழைய மெஷின் தம்பி, இதுக்குச் செலவழிக்காம லெப்டொப் ஒண்டு எடுங்க" என்றார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 350ஐத் தாண்டியது. அதற்குப் பிறகு லெப்டொப் விலை எங்கே நிற்கிறது என்று உங்களுக்கும் தெரியும்.

உண்மையில் எங்களுக்குத் தேவைப்பட்டது உள்ளங்கைக்குள் அடங்குகிற ஒரு வைஃபை கார்ட்.

எங்கட ஊர்களில் நல்ல மெஷின்கள் வீணாகக் கிடப்பதற்கு ஒரு பெரிய காரணம், பெட்டியைத் திறக்க எங்களை யாரும் பழக்கவில்லை என்பதுதான். சாதாரண தரத்தில் மதர்போர்ட் படத்துக்குப் பெயர் குறித்தோம், புள்ளி வாங்கினோம். அதைக் கையால் தொட்ட ஆக்கள் எத்தனை பேர்?

வேலை இவ்வளவுதான். பிளக்கைக் கழற்றுங்க. பிறகு பவர் பட்டனைச் சில வினாடி அழுத்திப் பிடிச்சால் மிச்சம் இருக்கிற மின்னும் பெரும்பாலும் இறங்கிவிடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் ஒருபோதும் திறக்கக் கூடாது. உடம்பில் இருக்கிற நிலைமின் கார்டைக் கெடுக்கலாம், அதனால் கேஸின் வெற்று இரும்பை ஒருக்கா தொடுங்க. பக்கத் தகட்டைக் கழற்றினால் மதர்போர்டில் விரல் நீளம்கூட இல்லாத ஒரு ஸ்லொட் தெரியும். அதுதான் பிசிஐ எக்ஸ்பிரஸ் எக்ஸ்1. அது இல்லாவிட்டால், சும்மா கிடக்கிற நீளமான எக்ஸ்16 ஸ்லொட்டிலும் இதே கார்ட் வேலை செய்யும். கார்டை நேராக வைத்து அழுத்தி, ஸ்குரூவை முறுக்கி, பின்பக்கம் அன்டெனாக்களைப் பூட்டினால் முடிந்தது. பாவித்த கார்ட் என்றால், கடல் பக்கத்து உப்புக்காற்றில் அதன் பொன்னிறப் பற்கள் மங்கிக் கிடக்கலாம். பென்சில் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடையுங்க.

நாங்கள் தடுக்கி விழுந்த இடம் வேறு. கார்டுக்கு டிரைவர் வேண்டும். டிரைவர் இறக்க இன்டர்நெட் வேண்டும். இன்டர்நெட் வர அந்தக் கார்ட் வேண்டும்! ஒரு பின்னேரம் முழுக்க இதில் போனது. கடைசியில் போனை யூ.எஸ்.பி. வயரால் கொம்பியூட்டரில் மாட்டி, போனில் யூ.எஸ்.பி. டெதரிங்கைப் போட்டோம். டேட்டா வந்தது, டிரைவரும் இறங்கியது.

வாங்கும்போதும் ஒரு பொறி இருக்கிறது. இன்டெல் ஏ.எக்ஸ். 201, ஏ.எக்ஸ். 210 இரண்டும் பார்வைக்கு ஒரே மாதிரி. ஆனால் 201 அதற்கென்றே வசதி செய்த இன்டெல் போர்டுகளில் மட்டும்தான் வேலை செய்யும். பழைய மெஷினுக்கு 210தான் சரி. ஒரு இலக்கத்தில் காசு போய்விடும்.

"டொங்கிள் ஒண்டு குத்தினாப் போதாதா?" என்று கேட்பீங்க. ஸ்லொட் இல்லாத மெஷினுக்கு அது நல்ல வழிதான். ஆனால் யூ.எஸ்.பி. 3 போர்டின் இரைச்சல் 2.4 கிகாஹேர்ட்ஸ் வைஃபையைக் குழப்பும், அதனால் ஒரு நீட்டு வயரில் தள்ளி வையுங்க. ரவுட்டரிலிருந்து வயர் இழுக்க முடிந்தால், எல்லாவற்றையும் விட அதுதான் உறுதி. எங்கட வீட்டில் நடுவே இரண்டு சுவர். 5 கிகாஹேர்ட்ஸ் வேகம்தான், ஆனால் அந்தச் சுவர்களைத் தாண்டத் திணறியது. 2.4இல் பிடித்தோம், நின்றது. மெஷினைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்தபோது இன்னும் நல்லாயிற்று. அன்டெனா பின்னால் இருக்கிறது, முன்னால் முழுக்க இரும்பு.

"போன் இருக்கே, பிறகென்ன?" என்கிற ஆக்களும் இருக்கிறார்கள். போனில் படம் பார்க்கலாம், பாடமும் கேட்கலாம். ஒரு புரோகிராம் எழுத, ஒரு கட்டுரையைத் திருத்த, பெரிய திரையும் கீபோர்டும் வேண்டும். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடங்களை மூடியபோது, வீட்டில் ஒரு போனை மூன்று பிள்ளைகள் மாறி மாறிப் பிடித்ததை நாங்கள் மறக்கவில்லை.

அன்றைக்குக் கார்டைப் போட்டது நான் இல்லை, தங்கச்சி. "பொம்பிளப் பிள்ள, கரண்ட் சாமானில கை வைக்காத" என்று அம்மா குசினியிலிருந்து சத்தம் போட்டுக்கொண்டே இருந்தார். பிளக்கைக் கழற்றி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டு அவள் ஸ்குரூவை முறுக்கினாள். அடுத்த மாதம் அக்கரைப்பற்றிலிருந்து அவளுடைய சிநேகிதி, தன்ட வாப்பாட பழைய மெஷினை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தாள். அதையும் இவள்தான் செய்தாள். இந்த முறை அம்மா தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

ஐ.சி.டி. படிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறையாவது ஒரு கார்டைக் கழற்றித் திரும்பப் பூட்ட வேண்டும். அதற்கு ஓடாத மெஷின் ஒன்றே போதும், பள்ளிக்கூடத்து மூலைகளில் தேடினால் கிடைக்கும். அதுவரைக்கும் உங்கட வீட்டில் துணி போர்த்திக் கிடக்கிறதைத் திறந்து பாருங்க. சின்ன ஸ்லொட் ஒன்று சும்மா கிடந்தால், எனக்கு எழுதுங்க.