பிறக்கும்போதே நரை

சாரல் சீசனுக்கு ஊருக்கு வந்திருந்த என் அக்கா மகன், பண்பொழி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு மணிக்கட்டை நீட்டினான். 'எப்படியிருக்கு மாமா?'

கறுப்பு டயல். எண்களிலும் முட்களிலும் டீ சிந்திக் காய்ந்த மாதிரி ஒரு பழுப்பு. நான் யோசிக்காமல், 'செகண்ட் ஹேண்டாடா?' என்று கேட்டுத் தொலைத்தேன்.

பையன் முகம் சுருங்கிவிட்டது. 'போன மாசம் வாங்கினது மாமா. ஸ்விஸ். ஹெரிட்டேஜ் மாடல். 1950-கள்ல வந்த வாட்ச்சை அப்படியே திரும்பக் கொண்டுவந்திருக்காங்க.' விலையைச் சொன்னான். அந்தக் காசுக்கு இரண்டு பைக் வாங்கலாம். பெட்ரோலுக்கும் மிச்சம் இருக்கும்.

அந்தப் பழுப்பு என்ன தெரியுமா உங்களுக்கு? அந்தக் காலத்து வாட்ச்சில் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பூச்சைப் பூசுவார்கள். அதன் ஆபத்து தெரிந்த பிறகு டிரிட்டியம் வந்தது. வருஷங்கள் ஆக ஆக அந்தப் பூச்சு மஞ்சளாகி, பழுப்பாகும். அதாவது அது வயசின் நிறம். இன்றைய பூச்சுகளில் ரேடியமும் இல்லை, டிரிட்டியமும் இல்லை. அவை அந்த மாதிரி பழுக்காது. அதனால் ஃபாக்டரியிலேயே பழுப்புச் சாயம் கலந்து பூசிவிடுகிறார்கள். பிறக்கும்போதே நரை! கிழித்து விற்கிற ஜீன்ஸுக்கு அண்ணன் முறை.

நான் உள்ளே போய் பீரோவைத் திறந்து அப்பாவின் வாட்ச்சை எடுத்துவந்தேன். ஃபேவர் லூபா சீ கிங். 1968-ல் அப்பா கல்யாணத்துக்கு, கொழும்பில் கடை வைத்திருந்த பெரியப்பா கொண்டுவந்தது. சாவி கொடுத்தேன். ஓடியது. உங்கள் வீட்டு பீரோவிலும் இப்படி ஒன்று இருக்கும். ஃபேவர் லூபா இல்லையென்றால் எச்.எம்.டி.

பையன் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, 'எது மாமா ஒசத்தி?' என்றான். இந்த வாரம் அதைத்தான் பேசப் போகிறேன்.

முதலில் நியாயமாக இருந்துவிடுவோம். 'அந்தக் காலத்துப் பொருள் மாதிரி வருமா' என்று பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை நான். அப்பாவின் வாட்ச் நாளைக்கு இரண்டு நிமிடம் பின்தங்கும். தினமும் காலை ரேடியோ செய்திக்கு முள்ளைத் திருத்துவார். குற்றாலத்துக்குப் போனால் அருவிக்குள் நுழையுமுன் அதைக் கழற்றி, துண்டில் சுற்றி, அம்மா கையில் கொடுத்துவிட்டுத்தான் தலையைக் காட்டுவார். இன்றைய ஸ்விஸ் வாட்ச்சுக்குக் 'க்ரோனோமீட்டர்' சான்றிதழ் வேண்டுமென்றால் அதன் இயந்திரம் சராசரியாக நாளைக்கு 4 செகண்டுக்கு மேல் பின்தங்கக் கூடாது. 6 செகண்டுக்கு மேல் முந்தக் கூடாது. கண்ணாடியில் லேசில் கீறல் விழாது. காந்தம் பக்கத்தில் வந்தாலும் பல மாடல்கள் அசராது. பொறியியலாகப் பார்த்தால் பேரன் தாத்தாவைத் தாண்டிவிட்டான். சந்தேகமே இல்லை.

நகல் எடுப்பதிலும் சிலர் நிஜமாகவே மெனக்கெடுகிறார்கள். ஒமேகா 2017-ல் தன் 1957-ம் வருஷ மாடல்கள் மூன்றை டிஜிட்டல் ஸ்கேன் செய்து திரும்பக் கொண்டுவந்தது. ஒவ்வொன்றும் 3,557 மட்டும். அத்தோடு விடாமல், பழைய 321 என்ற இயந்திரத்தையே மறுபடி செய்வோம் என்று 2019-ல் அறிவித்தது. அதற்காக 1972-ல் நிலவில் நடந்த யூஜின் செர்னனின் வாட்ச்சை, ஆஸ்பத்திரியில் நம்மை எடுப்பது போலவே ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் என் கேள்வி வேறு. பழைய வாட்ச்சில் எதை நகல் எடுத்தார்கள், எதை விட்டுவிட்டார்கள்?

அதற்கு விடை மறுநாளே கிடைத்தது. பையன் வாட்ச்சோடு ஐந்தருவியில் குளித்தான். பின்பக்கம் '100 மீட்டர்' என்று போட்டிருக்கிறதே என்ற தைரியம். சாயங்காலம் கண்ணாடிக்குள் பனி மூட்டம். திருகாணியைச் சரியாக மூடாமல் போயிருக்கலாம். தப்பு அவனுடையதாகவே இருக்கட்டும். அப்பா வாட்ச்சுக்கு நாற்பது வருஷமாக வைத்தியம் பார்க்கிற தென்காசி பஜார் கடைக்கு அழைத்துப் போனேன். மூன்றடி அகலக் கடை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

'தொறக்கதுக்கு என்ன அண்ணாச்சி, தொறந்துரலாம். உள்ள ஒரு வாஷர் நசுங்கியிருந்தா அத யாரு தருவா? நம்ம கேட்டா கம்பெனிக்காரன் தர மாட்டான். பெறவு உங்க மருமகன் என்னையத்தான் கேப்பாரு.'

வாங்கிய ஷோரூமுக்கு போன் போட்டோம். பெயர் வேண்டாம். வாட்ச்சை அனுப்ப வேண்டும், அங்கிருந்து கம்பெனிக்குப் போக வேண்டும், நான்கு மாதம் ஆகலாம், தண்ணீர் புகுந்ததற்கு வாரண்டி கிடையாது, செலவை அவர்கள் பார்த்துத்தான் சொல்வார்கள். வெளியில் யாராவது திறந்திருந்தால் கையே வைக்க மாட்டார்கள்.

இது ஒரு கடையின் குணம் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிலின் ஏற்பாடே இப்படித்தான். தனிக் கடைக்காரர்களுக்கு உதிரி பாகம் தர மறுக்கிறார்கள் என்று ஸ்விஸ் கம்பெனிகள் மீது ஐரோப்பிய ரிப்பேர்க்காரர்களின் கூட்டமைப்பு 2004-ல் ஐரோப்பிய ஆணையத்திடம் புகார் கொடுத்தது. ஆணையம் தள்ளுபடி செய்தது. 2010-ல் கோர்ட் அந்தத் தள்ளுபடியை ரத்து செய்தது. 2014-ல் ஆணையம் திரும்பவும் தள்ளுபடி செய்தது. 2017-ல் கோர்ட்டும் அதைச் சரி என்று சொல்லிவிட்டது. கம்பெனிகளின் வாதம் உங்களுக்கே தெரிந்திருக்கும்: தரம் கெடக் கூடாது, போலி பாகம் புகக் கூடாது. ஐரோப்பாக்காரனுக்கே அந்தக் கதி என்றால் தென்காசி பஜாரில் மூன்றடிக் கடை எம்மாத்திரம்?

இப்போது கொஞ்சம் பழங்கதை. வாட்ச்சுக்கு 'பாரம்பரியம்' எப்படி வந்தது என்பது தெரிந்தால்தான் என் கோபம் உங்களுக்குப் புரியும்.

ஃபேவர் லூபா 19-ம் நூற்றாண்டிலேயே இந்தியாவில் கடை விரித்த ஸ்விஸ் கம்பெனி. மாப்பிள்ளைக்கு ஃபேவர் லூபா போட்டால் பெண் வீட்டுக்குப் பெருமை. 1961-ல் பெங்களூரில் எச்.எம்.டி., ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு சேர்ந்து வாட்ச் தயாரிக்க ஆரம்பித்தது. முதல் வாட்ச்சுகளை வெளியிட்டவர் நேரு. ஜனதா, பைலட், காஞ்சன், கோஹினூர் என்று பெயர்கள். வாத்தியார், கண்டக்டர், போஸ்ட்மேன் எல்லார் கையிலும் ஏறியது. ஜனதாவுக்குள் 17 கல். செகண்டுக்கு ஐந்து துடிப்பு. எந்த ஊர் பஜாரிலும் பாகம் கிடைக்கும்.

1969 கிறிஸ்துமஸ் அன்று ஜப்பானில் சீக்கோ குவார்ட்ஸ் வாட்ச்சை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரு பேட்டரி, ஒரு படிகம், சாவியே வேண்டாம். அடுத்த பதினைந்து வருஷத்தில் ஸ்விஸ் தொழில் பாதி படுத்துவிட்டது. ஃபேவர் லூபாவும் 80-களில் நொடித்தது. இங்கே டாடாவும் நம் தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் சேர்ந்து ஓசூரில் ஆரம்பித்த டைட்டன், எச்.எம்.டி.யை ஓரங்கட்டியது. கடைசியில் 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது.

சரி, கம்பெனிகள் கைவிட்ட அந்தக் காலம் பூராவும் நம் அப்பாக்களின் வாட்ச்சுகளை ஓட வைத்தது யார்? ஜெனிவாவா? பெங்களூரா? லென்ஸ் மாட்டிய நம் பஜார் அண்ணாச்சிகள். அப்பா வாட்ச்சுக்கு மெயின் ஸ்பிரிங் மூன்று தடவை மாறியிருக்கிறது. செகண்ட் முள் வேறு ஏதோ வாட்ச்சிலிருந்து வந்தது. அவர்கள் அன்றைக்கு ஓட வைக்கவில்லை என்றால் இன்றைக்கு 'பாரம்பரியம்' என்று விளம்பரம் செய்ய ஒரு சாமானும் மிஞ்சியிருக்காது. எல்லாம் பேரீச்சம்பழத்துக்குப் போயிருக்கும்.

ஃபேவர் லூபா பெயரை 2011-ல் டைட்டன் வாங்கியது. 2023-ல் அது எதோஸ் குழுமத்தின் கைக்கு மாறி, 2024-ல் ஜெனிவாவில் மறுபடி மேடை ஏறியது. பழைய 'சீஃப்' பெயர்கூடத் திரும்பி வந்திருக்கிறது. விலை லட்சத்தைத் தாண்டும். வரட்டும், நல்லா இருக்கட்டும். ஆனால் இந்த மாதிரிப் பழம்பெயர்களைத் தூசு தட்டுகிற எல்லா முதலாளிகளிடமும் கேட்கிறேன்: வாட்ச்சைக் காப்பாற்றியவனுக்கு ஒரு வாஷர் கொடுக்க மாட்டீர்கள், அவன் காப்பாற்றிய பெருமையை மட்டும் விலை போட்டு விற்பீர்கள். இது எந்த ஊர் நியாயம்?

நம் பக்கமும் யோக்கியம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். செத்துப்போன வாட்ச்சுக்கு டயலை மறுபடி பெயின்ட் அடித்து, நாலு வாட்ச்சின் பாகங்களைச் சேர்த்து, பழைய எச்.எம்.டி., ஃபேவர் லூபா என்று இன்டர்நெட்டில் விற்கிற கூட்டம் ஒன்று உண்டு. உலகம் பூரா சேகரிப்பாளர்கள் அதற்கு 'மும்பை ஸ்பெஷல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அவன் கிழவனுக்கு மை அடித்துக் குமரன் என்கிறான். இவன் குழந்தைக்கு நரை பூசித் தாத்தா என்கிறான். இரண்டும் ஏமாற்று. ஒன்றுக்கு ஏ.சி. ஷோரூம் இருக்கிறது, அவ்வளவுதான்.

'லட்சம் கொடுத்து வாட்ச் வாங்குகிறவன் கஷ்டம் எனக்கெதுக்கு?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் வாட்ச்சில் ஆரம்பித்த வியாதி வாட்ச்சோடு நிற்காது. உங்கள் செல்போனைத் திறக்க முடிகிறதா? பண்பொழி வயலில் நிற்கிற டிராக்டரில் எலக்ட்ரானிக் பெட்டி மக்கர் பண்ணினால் ஊர் மெக்கானிக் கை வைக்க முடிகிறதா? 2022-ல் மத்திய நுகர்வோர் துறை 'ரிப்பேர் செய்யும் உரிமை' பற்றி ஒரு குழு போட்டது. விவசாயக் கருவி, செல்போன், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது. அந்தப் பட்டியலில் வாட்ச் இல்லை. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறக்க விற்றவனிடம் அனுமதி கேட்க வேண்டும் என்றால், அது என் பொருளா, அவன் பொருளா?

எங்கள் ஊர்த் திருமலைக் கோயிலுக்குப் படியேறித்தான் போவோம். பிறகு மலை மேல் வரைக்கும் கார் ரோடு வந்தது. முடியாதவர்கள் காரில் போகிறார்கள். ஆனால் ரோடு வந்துவிட்டது என்று படிக்கட்டை யாரும் பூட்டவில்லை. நான் கேட்பதும் அவ்வளவுதான். புது இயந்திரம் போடுங்கள், நூறு மீட்டர் ஆழம் தாங்கட்டும். படிக்கட்டைப் பூட்டாதீர்கள்.

ஆகவே, பழைய பாணி வாட்ச் வாங்க ஷோரூமுக்குள் நுழைகிற அன்பரே, டயல் அழகில் மயங்குமுன் மூன்று கேள்வி கேளுங்கள். இன்னும் இருபது வருஷம் கழித்து இதற்குப் பாகம் கிடைக்குமா? எழுதிக் கொடுப்பீர்களா? உங்களைத் தவிர வேறு யார் இதைத் திறக்கலாம்? மூன்றுக்கும் நேரான பதில் வந்தால் தாராளமாக வாங்குங்கள். அது நிஜமாகவே தாத்தாவின் பேரன். பதிலுக்குப் பதில் காபி வந்தால் குடித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

மருமகனின் வாட்ச் போய் மூன்று மாதமாகிறது. இன்னும் வரவில்லை. ஊருக்குக் கிளம்பும்போது, 'அதுவரைக்கும் தாத்தா வாட்ச்சைக் கட்டிக்கவா மாமா?' என்று கேட்டான். கொடுத்தேன். அருவியில் குளிக்கும்போது மட்டும் கழற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.