இறுகிப்போன துவிச்சக்கரவண்டி

பழைய துவிச்சக்கரவண்டியைக் கெடுப்பது மழையும் வெயிலும் என்றே நாம் எண்ணுகின்றோம். முப்பது ஆண்டுகள் மாட்டுக்கொட்டிலிற் கிடந்தும் அழியாத வண்டி, அதனைத் திருத்த வந்தவரின் கையிலே முதல் அரைமணி நேரத்தில் அழிந்துபோவதை எத்தனையோ வீடுகளிற் காணலாம். துரு மெல்லத் தின்னும். சுத்தியலோ ஒரே அடியில் முடித்துவிடும்.

அளவெட்டியிலிருந்து உயர்தர வகுப்பு மாணவர் ஒருவர் எழுதியிருக்கின்றார். அவருடைய அப்பப்பா ஓட்டிய றலிச் சைக்கிள் வீட்டுக் கோடியிற் கிடக்கின்றதாம். பெடல் அசையவில்லை, ஹாண்டிலைக் கழற்ற முடியவில்லை, சீற் தண்டு சட்டத்தோடு ஒட்டிப்போயிற்று. பழைய இரும்பு வாங்குபவர் இருமுறை படலைக்கு வந்து போய்விட்டார். நிறுத்துக் கொடுத்துவிடலாம் என்பது வீட்டார் எண்ணம். தாம் ஒரு மாதத் தவணை கேட்டிருப்பதாகவும், அதற்குள் வழி சொல்லவேண்டும் என்றும் தம்பி கேட்கின்றார்.

ஒரு மாதம் போதும். ஆனால் அதில் முதல் வாரம் எண்ணெய் விடுவதைத் தவிர வேறொன்றும் செய்தலாகாது.

காரணத்தை முதலிற் சொல்லிவிடுகின்றேன். றலி வண்டிகள் இங்கிலாந்தின் நொட்டிங்ஹாம் நகரிலே செய்யப்பட்டவை. ஹம்பர் 1932 ஆம் ஆண்டிலும் றட்ஜ் 1943 ஆம் ஆண்டிலும் அதே நிறுவனத்தின் கீழ் வந்தன. பெடல் அச்சைத் தாங்கும் கிண்ணங்களுக்கு ஏனைய ஆங்கில வண்டிகளில் அங்குலத்துக்கு 24 புரிகள் வெட்டுவர். நொட்டிங்ஹாமில் மட்டும் 26 புரிகள் வெட்டினர். ஆகவே இந்தக் கிண்ணம் ஒன்றை உடைத்துவிட்டுக் கடையிற் போய் வேறொன்று கேட்டால், கிடைப்பது பொருந்தாது. பொருந்தாததை வலிந்து முறுக்கினாற் சட்டத்தின் புரியும் அழியும். நொட்டிங்ஹாமிற் சைக்கிள் செய்யும் வேலை 2002 ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. கையில் உள்ள உறுப்பைக் காப்பாற்றுவதே இவ்வேலையின் பெரும்பங்கு.

நம்மவர்க்கு இது வெறும் பழம்பொருளும் அன்று. 1990 ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்கு எரிபொருள் தடுக்கப்பட்டிருந்த காலத்தில் விறகும் நெல்லும் நோயாளியும் சென்றது சைக்கிளிலேயே. மின்சாரம் இல்லாத வீடுகளில் அதன் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டனர். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்தோரிற் பலருக்கு, எஞ்சிய உடைமை முழுவதையும் தாங்கியது அவர்கள் உருட்டிச் சென்ற சைக்கிள் ஒன்றே. நிறுத்து விற்கும்போது தராசு இவற்றை அறியாது.

இனி வேலைக்கு வருவோம். இரும்பு, நீரும் ஒட்சிசனும் சேரத் துருவாகின்றது. அத்துரு தான் தோன்றிய இரும்பிலும் இருமடங்குக்கு மேற்பட்ட இடத்தைப் பிடிக்கும். மயிரிழை இடைவெளியுள்ள புரிக்குள் அது பருத்து, ஆப்புப்போல் இறுகிக்கொள்கின்றது. இவ்வாறு இறுகியதை முறுக்கினால் துரு விடுவதில்லை; நட்டின் மூலை வழுக்கும், அல்லது போல்ட்டின் கழுத்து முறியும். துருவுக்குள் நுழையத்தக்கது நீர்த்த எண்ணெய் மட்டுமே. விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுவதுபோல அது நுண்ணிய இடைவெளியில் ஊர்ந்து செல்லும். கடையிற் குப்பியில் விற்கும் துருநீக்கி எண்ணெய் நன்று. அது கிடையாவிடில் மண்ணெண்ணெயும் தையல் இயந்திர எண்ணெயும் கலந்து விடலாம். கார்களின் தன்னியக்கக் கியர்ப்பெட்டிக்குரிய எண்ணெயும் அசிற்றோனும் சமபங்காய்க் கலப்போரும் உளர். அது வலிய கலவையே, ஆயினும் வர்ணத்தைக் கரைக்கும், நெருப்பை எளிதிற் பற்றும்.

சமையலறை எண்ணெயை மறந்துவிடுக. நல்லெண்ணெய் நாளடைவிற் பிசினாகும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் காலையில் உறைந்து நிற்பதை எல்லா வீட்டாரும் அறிவர். புரிக்குள்ளும் அது அவ்வாறே நிற்கும்.

காலையும் மாலையும் ஒவ்வொரு மூட்டிலும் சில துளி விட்டு, சிறு சுத்தியலால் மெல்லத் தட்டவேண்டும். தட்டுவது கழற்றுவதற்கன்று, அதிர்வினால் துருவிலே வெடிப்பு உண்டாகி எண்ணெய் உட்புகுவதற்கு. வண்டியை ஒருநாள் நிமிர்த்தியும் மறுநாள் தலைகீழாகவும் வைத்தால் இருபக்கத்தாலும் எண்ணெய் இறங்கும்.

எட்டாம் நாள் ஸ்பானரைக் கையில் எடுக்கலாம். எடுக்குமுன் எத்திசையில் முறுக்குவது என்பதை அறிந்துகொள்ளவேண்டும். வலப்பெடலின் புரி வழக்கமானது. இடப்பெடலின் புரி எதிர்த்திசையானது. மிதிக்கும்போது பெடல் தானே கழன்றுவிடாதிருக்க இந்த ஏற்பாடு. ஆகாயவிமானத்துக்குப் பேர்பெற்ற ரைட் சகோதரர்கள், சைக்கிள் செய்து விற்ற நாளில், கழன்று விழாத பெடல் என்று 1900 ஆம் ஆண்டில் இதனைத் தம் வண்டிகளுக்கு விளம்பரப்படுத்தினர். மனத்தில் வைத்துக்கொள்ள ஒரு சூத்திரம் போதும்: ஸ்பானரின் பிடி மேல்நோக்கி நிற்கப் பூட்டி, பின்சில்லுப் பக்கமாகச் சாய்த்தால் இரு பெடல்களும் கழலும். பெடல் அச்சுக்கூட்டின் வலப்பக்கக் கிண்ணமும் எதிர்ப்புரியே. இதனை அறியாது முழுப்பலத்தோடு இறுக்கிவிட்டு, இது கழலவே கழலாது என்று கைவிட்டவர் எத்தனைபேரோ! அந்த வலக்கிண்ணத்தைப் பற்றி என் கருத்து வேறு. உட்புறம் குழிவிழாமல் வழவழப்பாக இருந்தால் அதனைக் கழற்றவே வேண்டியதில்லை. இருந்த இடத்திலேயே துடைத்து, புதுக் கிறீஸ் பூசிவிடலாம்.

வண்டி முழுவதிலும் பெருந்தொல்லை தருவது கொட்டர் பின் என்னும் சிறு முளைதான். பெடற்கையை அச்சோடு பூட்டுவது அது. ஒருபுறம் சரிவாகச் சீவிய உருக்கு ஆணி. மெல்லிய முனையிற் புரியும் நட்டும் இருக்கும். நட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த முனையிலே பலமுறை மெல்ல மெல்ல அடிப்பதுதான் பலர் செய்வது. விளைவு யாதெனில், முனை காளான்போற் விரிந்து, பின்பு எந்த வழியாலும் வெளிவராது. அதனிலும் கேடு, அடியின் அதிர்ச்சி அச்சின் வழியாகச் சென்று உள்ளே உள்ள உருக்குக் குண்டுகளால் கிண்ணத்திற் பள்ளம் விழச் செய்வது.

செய்யத்தக்க முறை இது. நட்டை முற்றாகக் கழற்றாமல், அதன் மேல்விளிம்பு முளையின் முனையோடு ஒருமட்டமாகும்வரை மட்டும் தளர்த்துக. அடி விழும்போது புரியைக் காப்பது அந்த நட்டே. பின்பு, தடித்த இரும்புக் குழாயொன்றை நிலத்திலிருந்து பெடற்கையின் அடிவரை எட்டும் அளவாக வெட்டி முட்டுக்கொடுக்கவேண்டும். முளையின் தடித்த தலை அக்குழாயின் வாய்க்குள் இறங்கும்படி நிற்கவேண்டும். இப்போது அடியின் பலம் அச்சுக்குப் போகாது, நிலத்துக்குப் போகும். பாரமான சுத்தியலால் நேராக ஒரே அடி. நூறு சிறு அடியிலும் ஒரு பேரடி நல்லது என்பது சுத்தியல் வேலையிலே இந்த ஓரிடத்துக்கு மட்டும் பொருந்தும். வைஸ் பூட்டிய மேசை உள்ளவர்க்கு அடியும் வேண்டாம். தலைப்பக்கம் சிறு குழாய்த்துண்டு ஒன்றை வைத்து வைஸால் நெருக்கினால், ‘டக்’ என்ற ஓசையோடு முளை நகரும். வளைந்துபோன முளையோடு மல்லுக்கட்டுவதிற் பயனில்லை. துளையிடும் கருவி உள்ள பட்டறைக்குக் கொண்டுசென்று துளைத்தெடுப்பதே வழி. புது முளை வாங்கும்போது றலிக்கு உரியது 9.5 மில்லிமீற்றர் தடிப்பானது என்று சொல்லிக் கேட்க. 9 மில்லிமீற்றர் முளையும் கடைகளில் உண்டு. அது தளர்ந்து ஆடும்.

ஹாண்டிலின் தண்டு வேறுவகை. மேலே தெரியும் நீண்ட போல்ட்டின் அடியில் ஒரு கூம்பு உண்டு. அது தண்டின் வாயை விரித்து உள்ளே பிடித்திருக்கும். போல்ட்டைக் கழற்றி எடுத்துவிடாமல் நாலைந்து சுற்றுத் தளர்த்தி, அதன் தலைமேல் மரத்துண்டை வைத்து ஓரடி அடித்தாற் கூம்பு கீழே விழும். பிறகு முன்சில்லை முழங்கால்களுக்கிடையே பிடித்துக்கொண்டு ஹாண்டிலை இடமும் வலமுமாகத் திருப்புக. இன்னும் அசையாவிடில், எண்ணெயை நன்றாகத் துடைத்தபின், வெளிக்குழாயிலே துணி சுற்றிக் கொதிநீர் ஊற்றலாம். தீச்சுவாலை வேண்டாம், வர்ணமும் போம், எண்ணெயும் பற்றும்.

சீற் தண்டுக்கும் இதுவே முறை. ஆனால் பிற்காலத்தில் யாரேனும் அலுமினியத் தண்டு மாற்றியிருந்தாற் கொதிநீர் ஊற்றலாகாது. அலுமினியம் சூட்டில் உருக்கிலும் ஏறக்குறைய இருமடங்கு விரியும். உள்ளே இருப்பது விரிந்தால் இறுக்கம் கூடும். அங்கே பனிக்கட்டிதான் மருந்து. பௌதிகம் படிக்கும் தம்பிக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

கழன்ற சிறு உறுப்புகளை எலுமிச்சம்புளியிலோ கரைத்த பழப்புளியிலோ ஓரிரவு ஊறவிட்டாற் துரு இளகும். காலையிற் சோடாநீரிற் கழுவி, உடனே உலர்த்தி எண்ணெய் பூசாவிடில் மத்தியானத்துக்குள் மீண்டும் துருவேறும். பெரிய உறுப்புகளுக்கு மின்முறை உண்டு. பிளாஸ்ரிக் வாளியில் நாலு லீற்றர் நீருக்கு ஒரு மேசைக்கரண்டி சலவைச் சோடா கரைத்து, பற்றரி சார்ஜரின் மறைமுனையை உறுப்போடும் நேர்முனையைக் கழிவிரும்புத் துண்டோடும் பிணைக்கவேண்டும். இரண்டும் ஒன்றையொன்று தொடலாகாது. ஐதரசன் வெளிவருவதால் முற்றத்திலே செய்க. நேர்முனைக்கு ஒருபோதும் துருவேறா உருக்கைப் பயன்படுத்தற்க. அதிலிருந்து நச்சுத்தன்மையான குரோமியச் சேர்வை நீரிற் கலக்கும். அலுமினிய உறுப்பை இவ்வாளியில் இடவும் கூடாது.

செயின்சில்லை மட்டும் தம்பி கவனமாகத் துடைக்கட்டும். றலியாயின் அதில் கொக்குத்தலைகள் தெரியும். றட்ஜ் ஆயின் கை உருவம் இருக்கும். உப்புத்தாள் போட்டு உரஞ்சினால் எஞ்சிய முலாமும் போய்விடும். அலுமினியத் தாளைச் சுருட்டி நீரில் நனைத்துத் தேய்ப்பதே போதும்.

திரும்பப் பூட்டும்போது எல்லாப் புரிக்கும் கிறீஸ் பூசுக. கொட்டர் முளைகள் இரண்டும் ஒன்றுக்கொன்று எதிராகச் செல்லவேண்டும். பெடற்கைகளைக் கிடையாக நிறுத்திப் பார்த்தால் ஒரு நட்டு மேலும் மற்றது கீழுமாக இருக்கும். அவ்வாறின்றேல் பெடல்கள் நேர்கோட்டில் நில்லா. புது முளை ஓடும்போது சற்றே உள்ளிறங்கும். ஆகையால் முதல்நாள் சுன்னாகம் வரை போய்த் திரும்பியதும் நட்டுகளை இன்னொருமுறை இறுக்கிவிடுக. அடுத்த நாளும் பார்த்துக்கொள்க.